நான்கு கணினிகள், ஒரே இணைப்பு: வீட்டுக்குள் இணையத்தைப் பகிர்வது எப்படி

இணைய இணைப்பு வாங்குவது பெரிய வேலை இல்லை. வாசல்வரை வந்த இணையத்தை மாடியறைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் பாடு. எனக்கு அதற்கு நான்கு மாதங்களும் ஏறத்தாழ 5,000 ரூபாயும் வீணாயின. எங்கள் வீடு திருச்சி உறையூர்ப் பக்கம் இருக்கிறது. கீழும் மேலுமாக இரண்டு தளம், எல்லாச் சுவரும் ஒன்பது அங்குலச் செங்கல். கீழே அப்பாவின் பழைய மேசைக்கணினி, மனைவி கணக்கு வேலை பார்க்கும் கணினி. மேலே என் அலுவலக மடிக்கணினி, மகளின் கல்லூரி மடிக்கணினி. இவை போக ஒரு பிரிண்டர், ஒரு டிவி, எல்லோர் கையிலும் கைப்பேசி.

மாடியில் வேகம் வரவில்லை என்றதும் முதலில் 100 எம்பிபிஎஸ் வேகத் திட்டத்தை 300க்கு உயர்த்தினேன். வரி சேர்த்து மாதம் 826 ரூபாய் கூடுதல், நான்கு மாதம் கட்டினேன். மாடியில் அதே ஆமை வேகம். பிறகு 1,700 ரூபாய்க்கு, வைஃபை அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று. அதற்கும் பலன் இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பி இழுத்தபோதுதான் வேலை முடிந்தது. கோளாறு தெருவில் இல்லை, என் சுவர்களில் இருந்தது. நீங்கள் அந்த நான்கு மாதத்தைத் தாண்டி நேராக அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வந்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. காகிதத்தில் வீட்டை வரையுங்கள்

இணைப்புக்குச் சொல்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. எந்த அறையில் எந்தக் கணினி இருக்கிறது, எந்தச் சுவர் தடிமன், இரும்பு பீரோ எங்கே நிற்கிறது, மின்சாரப் பிளக் எங்கே என்று குறித்தால் போதும். பிறகு ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: இது இடம் மாறுமா, மாறாதா? மேசைக்கணினி, டிவி, பிரிண்டர், அலுவலக மேசை ஆகியவை இடம் மாறாதவை. இவற்றுக்குக் கம்பி. கைப்பேசியும் சோபாவில் வைத்துப் பார்க்கும் மடிக்கணினியும் அலைபவை. இவற்றுக்கு வைஃபை. இந்த ஒரு பிரிவினையைச் செய்துவிட்டால் எத்தனை மீட்டர் கம்பி, எத்தனை துளை, எத்தனை பெட்டி என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

அடுத்து வேகக் கணக்கு. விளம்பரத்தில் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது ‘பிட்’ கணக்கு. கோப்பை இறக்கும்போது திரையில் காண்பது பெரும்பாலும் ‘பைட்’ கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. 4 ஜிபி கோப்பு இறங்க ஐந்தரை நிமிடம் பிடிக்கும். இது தெரியாமல் ‘100 என்று சொல்லிவிட்டு 12 தருகிறார்கள்’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். எங்கள் நான்கு கணினிகளுக்கும், கூட்டங்களும் படமும் சேர்த்து, 100 போதுமானதாகவே இருக்கிறது.

2. இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது: ஆவணம், பணம், நாள்

ஆதார், புகைப்படம், கைப்பேசிக்கு வரும் ஓடிபி. வழக்கமாக இவ்வளவுதான் கேட்பார்கள். பல நிறுவனங்கள் வீட்டுக்கு ஆளை அனுப்பிக் கைப்பேசியிலேயே படம் எடுத்துக்கொள்கின்றன. ஆதாரில் பழைய முகவரி இருந்தால் இப்போதைய முகவரிக்கு வேறு சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கையோடு வைத்திருங்கள். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட உரிமையாளரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது இருக்கட்டும். அடுக்குமாடி என்றால் சங்கத்திடமும் கேட்க வேண்டும். வேலை நடக்கும்போது வாட்ச்மேன் வந்து நிறுத்தினால் அந்த நாள் போயிற்று.

யார் பெயரில் எடுப்பது என்பதில் நான் சறுக்கினேன். அப்பாவின் ஆதார் கைக்கு எட்டியது, அவர் பெயரிலேயே போட்டுவிட்டேன். அலுவலகத்தில் இணையச் செலவைத் திரும்பப் பெறப் பில்லை நீட்டியபோது, “உங்கள் பெயரில் இல்லையே” என்று திருப்பிவிட்டார்கள். பெயர் மாற்றம் கேட்டால் புதிய இணைப்புக்குச் செய்வதையெல்லாம் மறுபடி செய்யச் சொன்னார்கள். பில் யாருக்குத் தேவையோ அவர் பெயரில் எடுங்கள். தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர்கள் ஜிஎஸ்டி எண்ணையும் அப்போதே கொடுத்துவிடுவது நல்லது.

பணத்தில் கவனிக்க வேண்டியவை: விளம்பர விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 499 என்றால் கையிலிருந்து போவது 589. 799 என்றால் 943. ரவுட்டர், அதாவது இணைப்பை வீட்டுக் கருவிகளுக்குப் பகிரும் பெட்டி, இலவசமா, வாடகையா, திரும்பத் தரும் வைப்புத்தொகையா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வைப்புத்தொகை என்றால் இணைப்பை விடும் நாளில் பெட்டியை ஒப்படைத்ததற்கும் ஒரு ரசீது வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியும் போகும், பணமும் வராது. ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கட்டினால் நிறுவல் கட்டணம் இல்லை என்பார்கள். உங்கள் தெருவில் அந்த நிறுவனத்தின் சேவை எப்படி என்று தெரியாத நிலையில், நிறுவல் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு ஒரு மாதத்துக்கு எடுப்பதே மேல். தெருவில் நான்கு வீடு தள்ளி யாரிடமாவது விசாரித்துவிட்டால் அந்த ஒரு மாதமும் தேவையில்லை.

‘வரம்பற்ற’ என்ற சொல்லுக்கும் வரம்பு உண்டு. பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகம் படுத்துவிடும். சாதாரணக் குடும்பம் அதைத் தொடுவது அரிது. ஆனால் கண்காணிப்புக் கேமராவின் பதிவுகளை நாள் முழுக்க இணையத்தில் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் ஒன்றுதானா என்றும் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குக் கூட்டத்தில் குரல் உடைவது பெரும்பாலும் ஏற்றும் வேகத்தில்தான்.

எனக்கு ‘இரண்டே நாள்’ என்றார்கள், ஒன்பது நாள் ஆனது. பழைய இணைப்பு வைத்திருந்தால் புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை அதைத் துண்டிக்காதீர்கள்.

3. ஆள் வரும் நாள்

நிறுவ வருபவருக்கு அன்றைக்கு இன்னும் ஐந்தாறு வீடு இருக்கும். தெருவிலிருந்து இணையத்தைக் கொண்டுவரும் ஃபைபர் எங்கே வீட்டைத் தொடுகிறதோ அங்கேயே துளை போட்டு, முதலில் கண்ணில் படும் பிளக்குக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிடுவார். எங்கள் வீட்டில் அது முன்னறை ஜன்னல் ஓரம், இரும்பு பீரோவுக்குப் பின்னால். “சார், இங்கேயே வைத்துவிடலாம், வயர் வெளியே தெரியாது” என்றார். நானும் தலையாட்டினேன். பீரோ என்பது வைஃபைக்கு இரும்புக் கதவு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் முதல் படியில் வரைந்த காகிதத்தை அவரிடம் காட்டுங்கள். வீட்டின் நடுவில், இடுப்புக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் பெட்டி வர வேண்டும் என்று சொல்லுங்கள். ஃபைபர் கூடுதலாகப் பத்து மீட்டர் போனால் வேகத்தில் ஒன்றும் குறையாது. ஆனால் அது கண்ணாடி இழை. மூலையில் சட்டென்று மடக்கினாலோ, கதவிடுக்கில் நசுங்கினாலோ வேலைக்கு ஆகாது. வளைவுகளில் தளர்வாக விடச் சொல்லுங்கள்.

அவர் கிளம்புவதற்கு முன் நான்கு காரியம் முடிந்திருக்க வேண்டும். மடிக்கணினியைக் கம்பியில் நேரடியாகப் பெட்டியில் செருகி வேகம் பார்க்க வேண்டும். வைஃபையில் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்துக்குரிய பெயரும் கடவுச்சொல்லும் வாங்கிக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்களில் இணைப்புக்கே தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உண்டு, அதையும் கேளுங்கள். பிறகு வேறு ரவுட்டர் மாற்றினால் இது இல்லாமல் அசையாது. உள்ளூர்க் கேபிள்காரரிடம் இணைப்பு எடுத்தவர்கள், ரவுட்டரை மாற்றும்போது அவர் தன் பக்கத்தில் புதிய பெட்டியைப் பதிவுசெய்ய வேண்டியிருக்குமா என்றும் கேட்டு வைப்பது நல்லது.

நான்காவது, பெட்டியின் பின்புறம் கம்பி செருகும் துளைகள். இதில்தான் நான் இரண்டு வாரம் தொலைத்தேன். சில பெட்டிகளில் எல்லாத் துளையும் ஒன்றல்ல. ஒன்றில் ‘ஜிஇ’ என்றும் மற்றவற்றில் ‘எஃப்இ’ என்றும் ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதலாவது 1,000 எம்பிபிஎஸ்வரை தாங்கும். மற்றவை 100க்கு மேல் தாண்டாது. 300 திட்டத்துக்கு மாறிய பிறகும் எனக்குக் கம்பியில் சரியாக 94 வந்தது. வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்டினேன். ஒருநாள் தூசி துடைக்கும்போது எழுத்தைப் பார்த்தேன். கம்பியைப் பக்கத்துத் துளைக்கு மாற்றியதும் 290. மல்லுக்கட்டியதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

4. காசு செலவழிக்காமல் முதலில் செய்யக்கூடியது

வீட்டு வைஃபை பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் மெதுவானது. அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். ஒரே அறையில் இருக்கும் கருவிகளை 5இலும் தொலைவில் இருப்பவற்றை 2.4இலும் சேருங்கள். 2.4இல் சேனல் என்ற இடத்தில் 1, 6, 11 மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

பெட்டியைப் பீரோ, மீன் தொட்டி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பிறகு ஒவ்வொரு அறையிலும் நின்று வேகத்தை அளந்து அதே காகிதத்தில் எழுதுங்கள். என் வீட்டுக் கணக்கு இது: பெட்டி பக்கத்தில் 94, மனைவியின் அறையில் 40, மாடியில் 6 முதல் 8. பீரோவை நகர்த்தியதில் மனைவியின் அறை 60க்கு ஏறியது. மாடி அசையவே இல்லை. உங்களுக்கு எல்லா அறையிலும் 30, 40 வந்துவிட்டால் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு ஏழாம் படிக்குப் போய்விடலாம்.

ரிப்பீட்டர் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது ரவுட்டரோடும் உங்கள் கணினியோடும் மாறி மாறிப் பேச வேண்டியிருப்பதால், சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். அதுவும் பலவீனமாக வந்த அலையையே திரும்ப ஒலிக்கிறது. எனக்கு 8 என்பது 15 ஆயிற்று, அவ்வளவுதான். பல பெட்டிகள் ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் ‘மெஷ்’ இதைவிட மேல், விலையும் மேல். துளையே போட முடியாத வாடகை வீட்டுக்கு அது சரி. சொந்த வீட்டில் கம்பியை விட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

5. கம்பி இழுத்தல்

கடையில் கேட்க வேண்டியது: கேட் 6 லேன் கேபிள், சுத்தச் செம்பு. ‘சுத்தச் செம்பு’ என்ற இரண்டு சொல்லையும் விடாதீர்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசிய கம்பி பாதி விலைக்குக் கிடைக்கும். கொஞ்சம் வளைத்தால் உள்ளே ஒடியும். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கேட் 5இ வகையும் வீட்டுக்குப் போதும், அதுவும் 100 மீட்டர்வரை 1,000 எம்பிபிஎஸ் தாங்கும். விலை வித்தியாசம் சொற்பம் என்பதால் நான் கேட் 6 எடுத்தேன். வெளிச்சுவர் வழியாகப் போகும் இடத்துக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வகையைக் கேளுங்கள். உள்ளே போடும் சாம்பல் நிறக் கம்பி திருச்சி வெயிலில் உரிந்துவிடும். அணில் கடிக்கும் என்று எலக்ட்ரீசியன் சொன்னதைச் சிரித்துக்கொண்டே கேட்டேன். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் கடிபட்ட கம்பியைக் காட்டினார். வெளியே போகும் பகுதி முழுவதையும் பிவிசி பைப்புக்குள் விட்டுவிட்டேன்.

வழி தேடும்போது, பழைய வீடுகளில் தொலைபேசி வயருக்கென்று சுவருக்குள் பைப் போட்டிருப்பார்கள். லேண்ட்லைன் போய்விட்டது, பைப் அப்படியே இருக்கிறது. பழைய வயரின் ஒரு நுனியில் புதிய கேபிளை இறுக்கிக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால், சுவரை உடைக்காமல் கேபிள் உள்ளே போய்விடும். எங்கள் வீட்டில் முன்னறையிலிருந்து மாடிப்படிவரை இப்படித்தான் போயிற்று. மின்சார வயர் போகும் பைப்புக்குள் மட்டும் இதைத் திணிக்காதீர்கள். அலைக் குறுக்கீடு ஒரு பக்கம் இருக்கட்டும், உறை உரசி மின்சாரம் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வாடகை வீட்டில் தட்டையான கேபிள் வாங்கிச் சுவரோரத் தரையில் ஒட்டிக்கொண்டு போகலாம். கதவுக்கு அடியிலும் நுழையும்.

மாடிக்கு ஒன்று போதும் என்றாலும் இரண்டு கேபிள் இழுங்கள். கூலி ஒன்றுதான், கூடுவது கேபிள் விலை மட்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும். இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் சுருட்டி விடுங்கள். இழுக்கும் முன்பே இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், எந்த நுனி எதனுடையது என்று தேடியே ஒரு மணி நேரம் போகும்.

முனையில் ஆர்ஜே 45 பிளக் மாட்டும் வேலையை நீங்களே செய்யலாம். உறையை உரித்தால் எட்டு மெல்லிய கம்பிகள் நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். பிளக்கின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க, பொன்னிறத் தகடுகள் மேலே தெரியும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக இந்த வரிசை: ஆரஞ்சு கோடு போட்ட வெள்ளை, ஆரஞ்சு, பச்சைக் கோடு போட்ட வெள்ளை, நீலம், நீலக் கோடு போட்ட வெள்ளை, பச்சை, பழுப்புக் கோடு போட்ட வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் நீலத்தால் பிரிகிறது, அங்கேதான் எல்லோரும் தவறுவார்கள். இரு முனையிலும் இதே வரிசை. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல், எட்டு நுனியும் பிளக்கின் கடைசிவரை போய் முட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். எனக்கு ஆறு பிளக் போதும், இருபது வாங்கினேன். பதினொன்று பழகுவதிலேயே போயின.

கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் இரு முனையையும் செருகினால் எட்டு விளக்கும் ஒன்று முதல் எட்டுவரை வரிசையாக எரிய வேண்டும். ஒன்று எரியாவிட்டாலும் வெட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். ‘அதுதான் இணையம் வருகிறதே’ என்று விடாதீர்கள். நான்கு ஜோடியில் இரண்டு மட்டும் வேலை செய்தாலும் இணையம் வரும், 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 1,000 என்று காட்டுகிறதா, 100 என்று காட்டுகிறதா என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் கொடுத்த விலைகள்: கேபிள் 35 மீட்டர் 980 ரூபாய், கிரிம்பிங் கருவி 350, டெஸ்டர் 200, பிளக் இருபதுக்கு 160, பைப்பும் கிளாம்பும் 420, துளையிட்டு இழுத்துக் கொடுத்த எலக்ட்ரீசியனுக்கு 900. காலை பத்து மணிக்குத் தொடங்கியது மாலை ஆறுக்கு முடிந்தது. ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை கூட்டம் இருப்பவர்கள் சனிக்கிழமை.

6. ஸ்விட்ச்சும் இரண்டாவது ரவுட்டரும்

மாடிக்குக் கேபிள் போய்விட்டது, அங்கே இரண்டு கணினி இருக்கிறது. பிரித்துக் கொடுக்க ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வேண்டும். மின்சாரத்துக்கு எக்ஸ்டென்ஷன் பெட்டி எப்படியோ அப்படி. எலக்ட்ரிக்கல் கடையில் வெறுமனே ‘ஸ்விட்ச்’ என்று கேட்டால் விளக்குப் பொத்தானை எடுத்து நீட்டுவார்கள். கணினிக் கடையில் ‘எட்டுத் துளை கிகாபிட் ஸ்விட்ச்’ என்று கேளுங்கள். எனக்கு 1,650 ஆயிற்று. கிகாபிட் இல்லாத பழைய வகை சில நூறு ரூபாய் குறைவு, அந்தச் சேமிப்பு வேண்டாம். இதில் அமைப்பு என்று எதுவும் இல்லை. செருகினால் ஓடும்.

ஒரே ஒரு கண்ணி உண்டு. ஒரே கேபிளின் இரு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால் தகவல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து வீட்டின் மொத்த நெட்வொர்க்கும் மூர்ச்சையாகிவிடும். ஒருநாள் அப்பா, தொங்கிக்கொண்டிருந்த ஒரு நுனியைப் பார்த்து ‘பாவம், கழன்றுவிட்டது’ என்று செருகி வைத்துவிட்டார். அன்று பிற்பகல் முழுக்க நான் தேடாத இடம் இல்லை.

அடுத்து மாடியின் கைப்பேசிகளுக்கு வைஃபை. பழைய ரவுட்டர் ஏதாவது இருந்தால் அதுவே போதும், இல்லாவிட்டால் 1,400 ரூபாய்க்குச் சாதாரணமான ஒன்று. இங்கேதான் பலரும் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். கீழேயிருந்து வரும் கேபிளை இரண்டாவது ரவுட்டரின் ‘வேன்’ துளையில், அதாவது இணையம் உள்ளே வருவதற்கென்று நிறம் மாறியிருக்கும் அந்த ஒற்றைத் துளையில், செருகினேன். இணையம் வந்தது. ஆனால் வீடு இரண்டு தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிட்டது. மாடியிலிருந்த மகளின் கணினியைக் கீழேயுள்ள எந்தக் கணினியாலும் காண முடியவில்லை. பிரிண்டரை ஒருவர் தேட, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது கணினி.

சரியான முறை, அதை ரவுட்டராக அல்லாமல் வெறும் வைஃபை பெட்டியாக மாற்றுவது. புதிய பெட்டிகளில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற முறை அமைப்பிலேயே இருக்கும்; அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. பழைய பெட்டி என்றால் கைவேலை. வரிசை முக்கியம்:

முதலில் முதன்மை ரவுட்டரோடு சேர்க்காமல், மடிக்கணினியை இரண்டாவது ரவுட்டரின் ‘லேன்’ துளை (வீட்டுக் கருவிகளுக்கானது) ஒன்றில் கம்பியால் இணையுங்கள். அதன் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறங்கள். முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கீழே உள்ளதைப் போலவே வையுங்கள். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. அடுத்து அதன் லேன் முகவரியை மாற்றுங்கள். முதன்மை ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. சேமித்ததும் பக்கம் காணாமல் போகும். பதற வேண்டாம், முகவரி மாறிவிட்டது, அவ்வளவுதான். கேபிளை ஒருமுறை கழற்றிச் செருகிவிட்டுப் புதிய முகவரியில் திறந்து, கடைசியாக டிஹெச்சிபி என்பதை நிறுத்துங்கள். இதற்குப் பிறகே கீழேயிருந்து வரும் கேபிளை எடுத்து லேன் துளையில் செருக வேண்டும். வேன் துளை காலியாகவே இருக்கட்டும்.

டிஹெச்சிபி என்பது கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலை. ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் அதைச் செய்ய வேண்டும். இரண்டு பேர் வழங்கத் தொடங்கினால் காலையில் இணையம் வந்த கணினிக்கு மாலையில் வராது. இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதைப் போல எரிச்சலான வேலை வேறில்லை. முதன்மை ரவுட்டரில் வழங்கும் வரம்பை 192.168.1.100 முதல் 200வரை என்று வைத்துவிட்டால், 2 என்ற எண்ணை அது வேறு யாருக்கும் கொடுக்காது.

எங்கள் மாடியில் கம்பியில் இப்போது 93. அடுத்த மாதமே 300 திட்டத்தை விட்டு 100க்குத் திரும்பிவிட்டேன்.

7. பூட்டு

ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். ‘அட்மின்’ என்ற பெயருக்கு ‘அட்மின்’ என்றே கடவுச்சொல் வைத்த பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ 2 அல்லது 3. பொத்தானை அழுத்தியே வைஃபையில் சேர விடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். விருந்தினர்களுக்குத் தனி வைஃபை பெயர் உருவாக்க எல்லாப் பெட்டியிலும் வழி உண்டு என்று சொல்ல முடியாது, இருந்தால் பயன்படுத்துங்கள். பக்கத்து வீட்டுப் பையன் கேட்கிறான் என்று கொடுத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் முதலில் தேடி வருவது பில்லில் உள்ள பெயரைத்தான்.

8. பிரிண்டரும் கோப்புகளும்

விண்டோஸ் கணினிகளில் நெட்வொர்க் வகை ‘பிரைவேட்’ என்று இருந்தால்தான் ஒன்றையொன்று காணும். ‘பப்ளிக்’ என்றால் காணாது. வைஃபை பிரிண்டருக்கு ரவுட்டரிலேயே நிரந்தர முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மின்தடைக்குப் பிறகு முகவரி மாறி, எல்லாக் கணினியிலும் பிரிண்டர் செத்ததுபோல் கிடக்கும். விருந்தினர் வைஃபையில் இருக்கும் கருவிக்குப் பிரிண்டர் தெரியாது. அது கோளாறல்ல, அதன் வேலையே அதுதான். கோப்புகளைப் பகிர ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் திறந்துவிடுங்கள். முழு டிரைவையும் திறக்காதீர்கள்.

9. மின்சாரமும் இடியும்

மின்சாரம் போனால் ரவுட்டர், ஸ்விட்ச், மாடிப் பெட்டி மூன்றும் படுத்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் வரிசையில் உள்ள பிளக்கில் செருகுங்கள். இல்லாவிட்டால் சிறிய ரவுட்டர் யுபிஎஸ் ஒன்று. நான் 1,300க்கு வாங்கினேன். வாங்கும்முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். ஃபைபர் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட். ஸ்விட்ச் 5 அல்லது 9 ஆக இருக்கலாம், முனை பொருந்துகிறதே என்று 12ஐச் செருகினால் புகைதான்.

இடி நேரத்தில் ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அடாப்டர் மின்கம்பியோடு இருக்கிறது, வெளிச்சுவரில் ஓடும் லேன் கேபிள் செம்பு. ஐப்பசி அடைமழையில் வானம் முழங்கத் தொடங்கினால் அடாப்டரையும் வெளியே போய்வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

10. நின்றுபோனால்

பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் பழுது. நீங்கள் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, புகார் செய்யுங்கள். ‘பான்’ விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தும் இணையம் இல்லை என்றால் முதலில் பில் கட்டினோமா என்று பாருங்கள், பிறகு பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கம்பியில் வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள்தான். அதற்காக நிறுவனத்தை அழைத்தால் அரை நாள் காத்திருந்து அதையே கேட்டுக்கொள்வீர்கள்.

புகார் சொல்லும்போது புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண் இருந்தால்தான், தீர்வு கிடைக்காதபோது அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். ‘கம்பியில் இணைத்து அளந்தேன், இத்தனை வந்தது’ என்று நேரத்தோடு சொன்னால் பேச்சு சீக்கிரம் முடிகிறது.

இணைப்பு எண், புகார் தொலைபேசி எண், கேபிள்களின் எண்கள், எது எங்கே போகிறது என்ற படம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நகர்த்திவைத்த அந்தப் பீரோவின் உள்கதவில் ஒட்டியிருக்கிறேன். கடவுச்சொற்களை அதில் எழுதவில்லை. கடைசி வரி அப்பாவுக்காக: ‘தொங்கும் நுனியைச் செருக வேண்டாம்.’